யுரேனஸ்: ஒரு பெயரின் மூலம்

2011ஆம் ஆண்டு எங்கள் கல்லூரியில் ஒரு மாணவர் கருத்தரங்கம் நடைபெற்றது. ஒவ்வொரு துறை மாணவரும் தம் துறைக்கு அப்பாற்பட்ட ஒரு பொருளைப் பற்றி ஆங்கிலத்தில் பத்து நிமிடம் பேச வேண்டும் என்பது விதி. தமிழ் இளங்கலை இரண்டாம் ஆண்டு மாணவன் ஒருவன் சூரியக் குடும்பத்தைத் தேர்ந்துகொண்டான். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியிலேயே படித்தவன். ஒரு வாரக் காலம் விடுதியின் மொட்டைமாடியில் உலவியபடி அந்த ஆங்கில உரையை உருப்போட்டான்.

புதன் தொடங்கிச் சனி வரை தடையின்றிப் போயிற்று. ஏழாவது கோளின் பெயரை அவன் சொன்னதும் பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ஒரு கணம் தயங்கிவிட்டுத் தொடர்ந்தான். அடுத்த வாக்கியத்திலும் அந்தப் பெயர் இருந்தது. அதற்கடுத்த வாக்கியத்திலும் இருந்தது. சிரிப்பு வரிசை வரிசையாக முன்னேறி வந்தது. நெப்டியூனைத் தொடாமலேயே நன்றி கூறி இறங்கிவிட்டான்.

மாலையில் துறை அறைக்கு வந்து நின்றான். "நான் என்னங்கய்யா தப்பாச் சொல்லிட்டேன்?" என்று கேட்டான்.

விடை எனக்குத் தெரியும். அந்தப் பருவத்தில் நன்னூல் நடத்திக்கொண்டிருந்தவனும் நான்தான். இடக்கரடக்கல் என்றால் என்ன என்று கரும்பலகையில் எழுதிப் போட்டவனும் நான்தான். ஆயினும் வாய் வரவில்லை. "உச்சரிப்பில் ஏதோ சிறு பிசகு, அதை விடு" என்றேன். அது பொய். அவன் உச்சரிப்பில் பிசகு எதுவுமில்லை. ஆனால் அவன் என்னை நம்பினான். படிப்பு முடியும்வரை ஆங்கிலத்தில் பேச அவன் மேடையேறவேயில்லை.

அன்று விழுங்கிய விடையை இங்கே முழுமையாகச் சொல்லிவிட விரும்புகிறேன். அதைச் சொல்லப் புகுந்தால் கிரேக்க மழையும் உரோமானிய மோதிரமும் நம் வயற்காட்டு உரமூட்டையும் வழியில் வந்து சேர்கின்றன. ஆகவே நண்பர்கள் சற்றுப் பொறுமை காக்க வேண்டும்.

முதலில் நகைச்சுவையை உடைத்துச் சொல்லிவிடுகிறேன். ஆங்கிலத்தில் இக்கோளின் பெயருக்கு இரண்டு உச்சரிப்புகள் உண்டு. ஒன்றில் அழுத்தம் இரண்டாம் அசையில் விழும். அது 'யுரேனஸ்'. வேகமாகச் சொன்னால் ஆங்கிலக் காதுக்கு இது 'யுவர் ஏனஸ்' என்று கேட்கும். 'ஏனஸ்' என்பது ஆசனவாய். அதாவது கோளின் பெயரைச் சொன்னவர், எதிரில் இருப்பவரைப் பார்த்து 'உன் ஆசனவாய்' என்று சொன்னதாக ஆகிவிடுகிறது. 'அதில் புயல் வீசுகிறது', 'அது பக்கவாட்டில் சாய்ந்திருக்கிறது', 'அதைச் சுற்றி நிலவுகள் உள்ளன' என்று எந்தப் பயனிலையைக் கொண்டுவந்து ஒட்டினாலும் ஒரு நகைச்சுவைத் துணுக்கு ஆயத்தம். என் மாணவன் மனப்பாடம் செய்த வாக்கியங்கள் அனைத்தும் அறிவியல் உண்மைகள். அவ்வளவும் துணுக்குகளாயின.

நம் அணியிலக்கணத்தில் இதற்குப் பெயர் இருக்கிறது. பிரிமொழிச் சிலேடை. ஒரு சொல்லை ஒருவிதமாகப் பிரித்தால் ஒரு பொருள், வேறுவிதமாகப் பிரித்தால் வேறொரு பொருள். காளமேகப் புலவர் இதில் மன்னர்; இடக்கான பொருள்களைப் பாடுவதற்கும் அவர் அஞ்சியவரில்லை. ஆங்கிலப் பள்ளிப் பிள்ளைகள் யாப்பு இல்லாமல் அதே வேலையைச் செய்கிறார்கள். அவ்வளவுதான் வேறுபாடு.

இந்தச் சங்கடத்திலிருந்து தப்பிக்க விரும்புவோர் இரண்டாவது உச்சரிப்பை நாடுவர். அதில் அழுத்தம் முதல் அசையில் விழும், ஏறத்தாழ 'யூரனஸ்'. இலத்தீன் முறைப்படி நோக்கினால் இதுவே மரபுக்கு நெருக்கமானது. நடுவிலுள்ள அகரம் கிரேக்கத்திலும் இலத்தீனிலும் குறில். ஆகவே அழுத்தம் முன்னால் போய்விடும். ஆனால் இதைச் சொன்னால் காதில் விழுவது 'யூரின்', அதாவது சிறுநீர். பின்வழியை விட்டு முன்வழிக்கு வந்து சேர்ந்ததுதான் மிச்சம்.

தமிழில் நாம் 'யுரேனஸ்' என்று எழுதுகிறோம். கிரந்தம் தவிர்ப்போர் 'யுரேனசு' என்பர். இரண்டு உச்சரிப்புகளில் எது வம்பானதோ அதையே நம் பாடநூல்கள் எழுத்துக்கூட்டித் தருகின்றன. வம்பு இன்னதென்று சொல்லித் தருவதில்லை. தமிழில் அச்சிலேடை இல்லாததால் சொல்லித் தரவேண்டிய தேவையும் எழவில்லை. என் மாணவன் வெள்ளந்தியாக அந்த மேடையில் போய் நின்றது இவ்வாறுதான்.

*

இப்பெயர் எப்படி வந்தது என்பது சுவையான கதை. 1781ஆம் ஆண்டு மார்ச் 13ஆம் நாள் இரவு, இங்கிலாந்தின் பாத் நகரில், தம் வீட்டுக் கொல்லையில் நின்றுகொண்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார் வில்லியம் ஹெர்ஷல். செருமனியின் ஹனோவரில் பிறந்தவர். தொழில் இசை, பாத் நகரத் தேவாலயம் ஒன்றில் ஆர்கன் வாசிப்பவர். தொலைநோக்கியும் அதன் உலோக ஆடியும் அவரே தேய்த்து உருவாக்கியவை. அன்று கண்ணில் பட்ட ஒளிப்புள்ளியை அவர் முதலில் வால்மீன் என்றே எண்ணினார். சுற்றுப்பாதையைக் கணித்தபோதுதான் அது சனிக்கு அப்பாலுள்ள ஒரு கோள் என்பது உறுதியாயிற்று. சூரியனிலிருந்து சனி உள்ள தொலைவைப் போல் ஏறக்குறைய இருமடங்குத் தொலைவு. மனிதன் அறிந்திருந்த சூரியக் குடும்பத்தின் எல்லை ஒரே இரவில் இரட்டிப்பானது என்று சொல்லலாம்.

ஹெர்ஷலுக்கு முன்னும் சிலர் அதைப் பார்த்திருக்கிறார்கள். 1690இலேயே ஜான் பிளாம்ஸ்டீட் அதைக் கண்டு, இடப இராசியின் 34ஆம் விண்மீன் என்று பட்டியலில் எழுதிவைத்தார். தொண்ணூறு ஆண்டுகள் அது வெறும் எண்ணாக வாழ்ந்தது. யாரும் சிரிக்கவில்லை.

கண்டவருக்கே பெயரிடும் உரிமை வந்தது. ஹெர்ஷல் இட்ட பெயர் 'ஜார்ஜியம் சிடஸ்', ஜார்ஜின் விண்மீன். அப்போது இங்கிலாந்தை ஆண்டவர் மூன்றாம் ஜார்ஜ். கடவுளர் பெயரைக் கோள்களுக்கு இட்டது பழங்காலத்து வழக்கம். இக்காலத்தில் இது எப்போது கண்டறியப்பட்டது என்று யாரேனும் கேட்டால் 'மூன்றாம் ஜார்ஜின் ஆட்சியில்' என்பதே தக்க விடையாக இருக்கும் என்பது அவர் வாதம். மன்னர் மகிழ்ந்தார். ஆண்டுக்கு 200 பவுண்டு கொடை கிடைத்தது. ஹெர்ஷல் இசைத் தொழிலை விட்டுவிட்டு அரண்மனைக்கு அருகே குடிபெயர்ந்து முழுநேர வானியலாளர் ஆனார். சங்க இலக்கியம் படித்தவர்களுக்கு இந்தக் காட்சி புதிதன்று. பாணன் ஒருவன் புரவலனைப் பாடினான், வறுமை தீர்ந்தான். பாடுபொருள் மட்டும் 287 கோடி கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தது.

ஐரோப்பாவின் பிறநாட்டார் இதை ஏற்பார்களா? அடுத்த நாட்டு மன்னன் பெயரை எதற்காக வானத்தில் ஏற்ற வேண்டும்? பிரெஞ்சு வானியலாளர் லாலாந்து கண்டவர் பெயராலேயே 'ஹெர்ஷல்' என்று அழைக்கச் சொன்னார். சுவீடனின் புரோஸ்பெரின் 'நெப்டியூன்' என்றார். கடைசியில் வென்றது பெர்லின் வானியலாளர் யோகான் போடே 1782இல் முன்வைத்த பெயர். அவர் வாதம் குலமுறை கிளத்தும் வாதம். செவ்வாய்க்குத் தந்தை வியாழன். வியாழனுக்குத் தந்தை சனி. ஆகவே சனிக்கு அப்பால் நிற்பது சனியின் தந்தையாகத்தானே இருக்க வேண்டும்? சனியின் தந்தை வானக் கடவுள் ஊரனோஸ். இலத்தீன் வடிவில் யுரேனஸ்.

இங்கே போடே ஒரு வழுவைச் செய்துவிட்டார். ஏனைய கோள்கள் யாவும் உரோமானியக் கடவுளரின் பெயர் தாங்கியவை. கிரேக்கரின் குரோனோஸ் என்று சொல்லாமல் உரோமானியரின் சாட்டர்ன் என்றே சனியை அழைத்தனர். அந்தச் சாட்டர்னின் தந்தைக்கு உரோமானியப் பெயர் 'கேலுஸ்'. மரபை ஒட்டிப் போயிருந்தால் கோளின் பெயர் அதுவாகவே இருந்திருக்கும். ஆங்கிலேயர் அதைச் 'சீலஸ்' என்று உச்சரித்துவிட்டுப் போயிருப்பார்கள். நம் இலக்கண நூலார் மரபு வழு என்று ஒதுக்கும் குற்றம் ஒன்று உலகெங்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கு இருநூறு ஆண்டுச் சிரிப்பைத் தேடித் தந்திருக்கிறது.

போடேயைக் குறை சொல்லவும் முடியாது. செருமன் மொழியில் 'உன்' என்பதற்கு 'யுவர்' என்ற சொல் இல்லை; அச்சிலேடைக்கு அங்கே வழியே இல்லை. அவரைப் பின்பற்றி 1789இல் வேதியியலாளர் கிளாப்ரோத், தாம் கண்டறிந்த புதிய தனிமத்துக்கு இக்கோளின் பெயரால் 'யுரேனியம்' என்று பெயரிட்டார். இவர்களில் எவர் காதிலும் அந்தச் சிரிப்பு விழவில்லை. எந்த மொழியில் சிலேடை இருந்ததோ அந்த மொழிக்காரர்கள் மட்டும் வேறு காரணத்துக்காக, தம் மன்னனுக்காக, நெடுங்காலம் இப்பெயரை எதிர்த்து நின்றார்கள். இங்கிலாந்தின் கடற்பயணப் பஞ்சாங்கம் 1850இல்தான் 'யுரேனஸ்' என்று எழுதத் தொடங்கியது. ஆயினும் ஆங்கிலேயர் ஒரு வகையில் ஈடுகட்டிக்கொண்டனர். கிரேக்கக் கடவுளின் இக்கோளைச் சுற்றும் நிலவுகளுக்கு ஹெர்ஷலின் மகன் ஜான் ஹெர்ஷல் சூட்டிய பெயர்கள் ஆங்கில இலக்கியத்திலிருந்து வந்தவை. டைட்டானியா, ஓபெரான், ஏரியல், அம்ப்ரியல். அவ்வழியில் பின்னர் மிராண்டாவும் ஒபீலியாவும் டெஸ்டிமோனாவும் சேர்ந்தார்கள். ஷேக்ஸ்பியரின் மாந்தரும் போப்பின் மாந்தரும் குடியிருக்கும் கோள் சூரியக் குடும்பத்தில் இது ஒன்றே.

*

இனிச் சொல்லுக்குள் போவோம். 'ஊரனோஸ்' என்ற கிரேக்கச் சொல்லின் நேர்ப்பொருள் வானம். இன்றும் கிரேக்கர் தலைக்கு மேலிருக்கும் வானத்தையும் அந்தக் கோளையும் ஒரே சொல்லால்தான் அழைக்கிறார்கள். இச்சொல்லை வேதத்து வருணனோடு இணைக்கும் கருத்து 19ஆம் நூற்றாண்டில் பெரிதும் பேசப்பட்டது. கேட்பதற்கு இனிமையாக இருந்தாலும் ஒலி விதிகள் ஒத்துவராமையால் மொழியியலார் அதைக் கைவிட்டனர். இன்று பெரிதும் ஏற்கப்படும் விளக்கம் வேறு. இந்தோ ஐரோப்பிய மூலமொழியில் 'வெர்ஸ்' என்ற வேர் ஒன்று உண்டு. பொருள்: மழை பெய்தல், நனைத்தல். ஊரனோஸ் என்றால் மழை பொழிபவன்.

அதே வேர் வடமொழியில் 'வர்ஷ' ஆயிற்று. வர்ஷம் என்றால் மழை. மழையைக் கொண்டு கணக்கிடப்படும் ஆண்டும் அதுவே. அது தமிழில் வருஷமாகவும் வருடமாகவும் வந்து நம் வீட்டு நாட்காட்டியில் தொங்குகிறது. வருணனோடு உறவு முறிந்தாலும் வருஷத்தோடு உறவு நிலைத்திருக்கிறது. அந்த மழைக்கடவுளின் கோள் சூரியனை ஒருமுறை சுற்றிவர நம் வருடங்கள் எண்பத்து நான்கு ஆகின்றன. வருடத்துக்கு வருடம் ஒருவகையில் சொந்தம்.

இதோடு நிற்கவில்லை. கிரேக்கத்தில் சிறுநீர் கழித்தலைக் குறிக்கும் வினைச்சொல் 'ஊரேஇன்', சிறுநீர் 'ஊரோன்'. இந்தச் சொற்களும் அதே மழை வேரிலிருந்து கிளைத்தவை என்பதே கிரேக்கச் சொற்பிறப்பியலாரின் முடிவு. வானம் பெய்வதும் பெய்தல். மனிதன் பெய்வதும் பெய்தல். தமிழில் 'மழை பெய்தது' என்கிறோம். 'நீர் பெய்து வந்தான்' என்று பழைய உரைகளிலும், கொச்சையாகப் பேச்சிலும் அதே வினையை மற்றதற்கும் ஆள்கிறோம் அல்லவா? ஒருவருக்கொருவர் உறவில்லாத இரு மொழிக் குடும்பங்களில் ஒரே எண்ணம் ஓடியிருக்கிறது.

ஆகவே, ஆசனவாய்க்கு அஞ்சி முதல் அசையை அழுத்துகிற நாகரிகர் ஒருவர் சிறுநீர் நினைவூட்டப்படுகிறதே என்று வருந்தினால், அவரிடம் சொல்ல நமக்குச் செய்தி இருக்கிறது. ஐயா, அது தற்செயலன்று. ஊரனோஸுக்கும் ஊரோனுக்கும் பூட்டன் ஒருவனே. அந்த ஊரோனிலிருந்துதான் 'யூரியா' என்ற சொல்லும் பிறந்தது. நம் ஊர்க் கூட்டுறவுச் சங்கத்தில் வரிசையில் நின்று வாங்கி வருகிறோமே, அதே யூரியா. வானத்து மழையும் மூட்டையிலிருக்கும் உரமும் ஒரே வயலில் விழுகின்றன. சொல்வழியிலும் அவை பங்காளிகள்.

*

ஊரனோஸின் பக்கம் தெளிவாயிற்று. சிரிப்புக்குக் காரணமான மற்றொரு சொல்லைப் பார்ப்போம். 'ஏனஸ்' என்பது இலத்தீனில் 'ஆனுஸ்'. அதன் முதற்பொருள் வளையம், மோதிரம். உடலுறுப்பின் பச்சைப் பெயரைச் சொல்லக் கூசிய உரோமானியர், வடிவு கருதி 'வளையம்' என்று மறைத்துச் சொன்னார்கள். அதாவது இன்று உலகம் சிரிக்கும் அந்தச் சொல்லே ஓர் இடக்கரடக்கல்தான். மறைப்பதற்காகப் போர்த்திய போர்வை, நாளடைவில் மறைக்கப்பட்ட பொருளாகவே ஆகிவிட்டது. மோதிரம் என்ற பொருள் தேய்ந்து மறைந்தது.

இதை நாம் அறியாதவர்களா? 'கால் கழுவி வந்தான்' என்பதை இடக்கரடக்கலுக்கு எடுத்துக்காட்டாகப் பள்ளியில் படித்தோம். பாவம், கால் என்ன செய்தது? இன்று ஒரு குழந்தைக்குக் 'கால் கழுவி விடு' என்று சொன்னால் எவரும் காலைப் பார்ப்பதில்லை. ஹெர்ஷல் கோளைக் கண்டது தம் வீட்டுக் கொல்லையில் என்று மேலே எழுதினேன். மரமும் செடியும் நின்ற அந்த நல்ல இடத்தின் பெயரைக் 'கொல்லைக்குப் போதல்' என்ற ஒரு தொடர் என்ன பாடுபடுத்தியிருக்கிறது! கொல்லை அருவருப்பானபோது டச்சுக்காரரிடமிருந்து வந்த கக்கூஸ் துணைக்கு வந்தது. அது நாறியபோது கழிவறை வந்தது. அதுவும் போதாமல் இப்போது ஓய்வறை என்கிறோம். ஓய்வெடுக்க அங்கே யாரும் போவதில்லை. 'ஆசனவாய்' என்ற சொல்லையே பாருங்கள். இருக்கைக்கு உரிய வாய் என்று எத்தனை பதமாகச் சொல்லியிருக்கிறார்கள்! சித்த மருத்துவ ஏடுகளின் 'எருவாய்' இதைவிட நேர்மையானது என்பேன். எரு என்பதில் உழவனின் நன்றி இருக்கிறது.

கோளோடு இந்த 'வளையம்' கொண்ட உறவு வேடிக்கையானது. 1977ஆம் ஆண்டு மார்ச் 10ஆம் நாள், தொலைதூர விண்மீன் ஒன்றை யுரேனஸ் மறைத்துக் கடந்தது. பறக்கும் விமானத்தில் பொருத்திய தொலைநோக்கி வழியே இந்தியப் பெருங்கடலுக்கு மேலிருந்து ஜேம்ஸ் எலியட் குழுவினர் அதை நோக்கினார்கள். கோள் மறைப்பதற்கு முன்பே விண்மீன் பலமுறை கண் சிமிட்டியது. கடந்த பின்னும் அவ்வாறே சிமிட்டியது. காரணம், கோளைச் சுற்றி மெல்லிய வளையங்கள் இருந்தன. நம் சவ்வாது மலையிலுள்ள காவலூர் வானாய்வகத்திலும் அதே நிகழ்வு நோக்கப்பட்டு, அந்த ஒளிமங்கல் பதிவாயிற்று. தன் பெயரைத் தவறாகப் பிரித்தவர்கள் நகையாடிய இலத்தீன் 'வளையம்' உண்மையிலேயே அந்தக் கோளின் இடுப்பில் இருந்தது. பெயரில் உள்ள 'அனஸ்' என்ற ஈறு வேறு, இலத்தீன் 'ஆனுஸ்' வேறு. இரண்டையும் ஒன்றாக்குவது சொற்பிறப்பியல் ஆகாது. ஆயினும் தற்செயல் சிலவேளை புலவரைவிட நன்றாகச் சிலேடை பாடிவிடுகிறது.

2018இல் தற்செயல் இன்னொரு பாட்டும் பாடியது. ஹவாய்த் தீவின் ஜெமினி தொலைநோக்கியைக் கொண்டு ஆய்ந்த பேட்ரிக் இர்வின் குழுவினர், யுரேனஸின் மேல்மட்ட முகில்களில் ஐதரசன் சல்பைடு இருப்பதை உறுதிசெய்தார்கள். அழுகிய முட்டையின் நாற்றம் தரும் வாயு அது. ஆங்கில நாளேடுகள் தலைப்பு எழுதுவதில் எவ்வளவு மகிழ்ந்திருக்கும் என்பதை நண்பர்கள் ஊகித்துக்கொள்ளலாம். என் நினைவுக்கு வந்தது 'நாற்றம்' என்ற சொல். சங்கப் பாடல்களில் நாற்றம் என்றால் நறுமணம். பூவுக்குத்தான் நாற்றம் உண்டு. இன்று ஒரு பெண்ணின் கூந்தலில் நாற்றம் வீசுகிறது என்று எழுதினால் என்ன ஆகும்? இழிபொருட்பேறு என்று வகுப்பில் சொல்லிவிட்டுக் கடந்துவிடுகிறோம். சொல் கெடவில்லை, அதைப் பயன்படுத்திய நாம் அதைக் கொண்டுபோய் நிறுத்திய இடம் கெட்டது.

*

பெயரை மாற்றிவிட்டால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. மாற்றிப் பார்த்த மொழிகளும் உண்டு. சீனரும் சப்பானியரும் 'வான வேந்தன் விண்மீன்' என்று பொருளை மொழிபெயர்த்துக்கொண்டார்கள். இந்தியில் இது அருண், நெப்டியூன்தான் வருண். தாய்லாந்து மொழியில் மிருத்யு என்ற வடசொல்லின் வடிவம், சாவின் விண்மீன். எபிரேய மொழியில் 2009ஆம் ஆண்டு பொதுமக்களிடம் வாக்கெடுத்து 'ஓரோன்', சிற்றொளி, என்ற பெயரைத் தேர்ந்தார்கள். எல்லாம் நல்ல பெயர்களே. ஆனால் சிரிப்புக்கு அஞ்சி மாற்றினால் என்ன ஆகும் என்பதை அமெரிக்கக் கேலிச்சித்திரத் தொடரான 'பியூச்சுராமா' 1999இலேயே சொல்லிவிட்டது. எதிர்கால அறிஞர்கள் இந்த அசட்டு நகைச்சுவைக்கு ஒரேயடியாக முடிவுகட்ட எண்ணி 2620இல் கோளின் பெயரை மாற்றிவிட்டதாக அதில் ஒரு பாத்திரம் கூறும். புதுப்பெயர் என்ன என்று கேட்டால் 'யுரெக்டம்'. ரெக்டம் என்பது மலக்குடல். ஓர் அங்குலம் உள்ளே நகர்ந்தார்கள், அவ்வளவுதான். இடக்கரடக்கலின் வரலாறு முழுவதையும் ஒரு சொல்லில் அடக்கிய நகைச்சுவை இது.

மாற்றத் தேவையில்லை என்பதற்குத் தமிழிலேயே ஒரு சான்று இருக்கிறது. 'மூலம்' என்ற சொல். நம்மூர்ச் சுவர்களில் எழுதியிருக்கும் விளம்பரங்களில் மூலம் என்றால் ஆசனவாயில் வரும் நோய். வான நூலில் மூலம் என்றால் இருபத்தேழு நாண்மீன்களுள் ஒன்று. கோயிலில் கருவறையில் நிற்பவர் மூலவர். எங்கள் துறையில் மூலபாட ஆய்வு என்று ஒரு தாளே இருக்கிறது. விண்மீனுக்கும் ஆசனவாய் நோய்க்கும் ஒரே பெயர் வைத்துக்கொண்டு நூற்றாண்டுகளாக வாழ்கிறோம். மூல நட்சத்திரத்தில் பிறந்தேன் என்று ஒருவர் சொன்னால் நாம் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பதில்லை. இரு பொருளும் நம் எல்லோருக்கும் தெரியும். தெரிந்ததனால் அங்கே மறைவு இல்லை. மறைவு இல்லாத இடத்தில் களுக்கென்ற சிரிப்பும் எழுவதில்லை.

அன்று என் மாணவனைக் கண்டு சிரித்தவர்கள் அந்தப் பெயருக்காக மட்டும் சிரித்திருந்தால் முதல் தடவையோடு நின்றிருக்கும். அது அந்த வயதுக்கு இயல்பு. நகை பிறக்கும் காரணங்களுள் இளமையையும் ஒன்றாகத் தொல்காப்பியர் வைத்திருக்கிறார். மூன்றாவது தடவை வந்தது வேறு சிரிப்பு. எங்களுக்குத் தெரிந்தது இவனுக்குத் தெரியவில்லை என்ற சிரிப்பு. ஆங்கிலவழியில் படித்தவர்களுக்கும் தமிழ்வழியில் படித்தவனுக்கும் இடையில் அந்த ஒரு சொல்லை வேலியாக நட்டுவிட்டார்கள். தொல்காப்பியர் சொன்ன காரணங்களுள் எள்ளலும் ஒன்று என்பதை மறந்துவிடக் கூடாது.

ஆனால் அந்த வேலிக்கு முள் வைத்தவன் நான். அவர்கள் சிரித்ததோடு போயிற்று. அவன் என்னிடம் வந்து நேராகக் கேட்டபோது, நான் இரண்டு நிமிடம் செலவிட்டுச் சிலேடையை விளக்கியிருந்தால் அவனும் சிரித்திருப்பான். மறுநாள் விடுதியில் அவனே பத்துப் பேருக்கு அதைச் சொல்லியிருப்பான். நான் நாகரிகம் கருதி வாயை மூடினேன். அவையில் சொல்லத் தகாத சொல்லை மறைத்துச் சொல்லும்படிதான் நம் இலக்கணம் கூறுகிறது. கேட்டவனுக்கு உண்மையையே மறைத்துவிடும்படி எந்த நூற்பாவும் கூறவில்லை. இடக்கரை அடக்கப் போய் ஒரு மாணவனை அடக்கிவிட்டேன்.

சங்கப் பாடல் நடத்தும்போது 'அல்குல்' வந்தால் அடியைத் தாண்டிப் போகும் ஆசிரியர்களை நண்பர்களும் கண்டிருப்பார்கள். நானும் அவர்களுள் ஒருவனாக இருந்தவன்தான். இப்போது தாண்டுவதில்லை. சொல்லின் பொருள் இது, உரையாசிரியர்கள் கொண்ட பொருள் இது, இன்று நமக்கு ஏன் கூச்சம் வருகிறது என்று மூன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒரு நொடி சலசலப்பு எழும். பிறகு பாட்டு தொடரும். அறிவியல் தமிழ்த் தாளில் கோள்களின் பெயர்கள் வரும்போது யுரேனஸின் கதையையும் இதே வரிசையில் சொல்கிறேன். முதலில் சிலேடை, பிறகு போடே, பிறகு மழை, பிறகு யூரியா. வகுப்பு வயிறு குலுங்கச் சிரிக்கிறது. எவரும் யாரையும் பார்த்துச் சிரிப்பதில்லை.

2022இல் அமெரிக்க அறிவியல் கழகங்களின் அறிக்கையொன்று, அடுத்த பெரிய கோள் ஆய்வுப் பயணம் யுரேனஸை நோக்கியதாக இருக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. 1986 சனவரியில் வாயேஜர் 2 ஒருமுறை கடந்து சென்றதோடு சரி. அதன்பின் எந்தக் கலமும் அங்கே போகவில்லை. அந்தப் பயணம் கைகூடினால் அப்பெயர் நம் செய்திகளில் நாள்தோறும் ஒலிக்கும். எங்கோ ஒரு தமிழ்வழி மாணவன் அதை ஆங்கிலத்தில் சொல்ல மேடையேறுவான். பின்வரிசையில் யாரேனும் சிரிக்கத் தொடங்கும்போது, 'எனக்கும் தெரியும்' என்று புன்னகைத்துவிட்டு நெப்டியூன் வரை அவன் பேசி முடிக்க வேண்டும்.

என் மாணவன் இப்போது ஓர் அரசுப் பள்ளியில் தமிழாசிரியன். சென்ற திங்கள் ஒரு திருமணத்தில் சந்தித்தேன். பந்தியில் அருகருகே அமர்ந்து, இவ்வளவு காலம் கழித்து, விடையைச் சொன்னேன். அவன் இலையைப் பார்த்துக்கொண்டே சிறிது நேரம் இருந்தான். பிறகு, "அப்பவே தெரிஞ்சுக்கிட்டேங்கய்யா. விடுதியில சொல்லிட்டாங்க. நீங்க ஏன் சொல்லலைன்னுதான் நெனச்சுக்கிட்டே இருந்தேன்" என்றான்.